பதினேழாவது நிமிடம்

2006 ஜூன் 22. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ராத்திரி ஏழரை மணி. மெஸ் டிவிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தோசைத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். பாதிக்கு மேல் பிரேசில் கட்சி. மிச்சம் அர்ஜென்டினா. இத்தாலிக்கு நான் ஒருத்தன்தான். நம்ம ஊரில் இத்தாலிக்கு ஆதரவு என்று சொன்னால், பிரியாணிக் கடைக்குப் போய் தயிர்சாதம் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். "அவனுங்க ஆடவே மாட்டானுங்களே, அடுத்தவனையும் ஆட விட மாட்டானுங்களே" என்பதுதான் பொதுக்கருத்து.

ஹாம்பர்க்கில் செக் குடியரசோடு மேட்ச். இத்தாலி தோற்றால் உலகக் கோப்பையிலிருந்தே வெளியேற வாய்ப்பிருந்த ஆட்டம். ஆரம்பித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். இத்தாலியின் 13ஆம் நம்பர் நின்றுவிட்டார். யாரும் மோதவில்லை, விழவும் இல்லை. தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்ச் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை காலேஜில் ஸ்டாப்பர் பேக்காக ஆடி, மூட்டு ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவன் என்ற முறையில் எனக்கு நன்றாகத் தெரியும். 'முடியாது' என்று வாய் சொல்வதற்கு முன்னாலேயே கண் சொல்லிவிடும். பதினேழாவது நிமிடத்தில் அவர் வெளியே போனார். அவர் பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா.

"என்ன தம்பி, உங்காளு போயிட்டாரே" என்றார் மெஸ் அண்ணாச்சி. அவருக்கு ஃபுட்பால் தெரியாது, என் முகம் தெரியும்.

நெஸ்டாவுக்குப் பதிலாக நெடுநெடுவென்று ஒருத்தர் உள்ளே வந்தார். மார்கோ மேட்டராஸி. ஒன்பதே நிமிடம்தான். டோட்டி அடித்த கார்னர், மேட்டராஸியின் தலை, கோல். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தீங்களா, வந்தவன் வந்த வேலைய முடிச்சுட்டான்!"

அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். பிரான்ஸோடு நடந்த பெர்லின் ஃபைனலில் ஏழாவது நிமிடத்தில் பெனால்டிக்குக் காரணமானவர் மேட்டராஸி. பத்தொன்பதாவது நிமிடத்தில் அதைச் சமன் செய்த கோலை அடித்தவர் மேட்டராஸி. கூடுதல் நேரத்தில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர் மேட்டராஸி. பெனால்டி ஷூட்அவுட்டில் தன் உதையைத் தவறாமல் அடித்தவரும் அவரே. ஃபுட்பால் பார்க்காத என் பெரியம்மாவுக்குக்கூட அவரைத் தெரியும், 'முட்டு வாங்குனவர்' என்று. ஆனால் அந்த இடம் யாருடைய இடம் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருத்தர் சொன்னாலே அதிசயம். அந்த ஒருத்தருக்காகவும், மிச்ச ஒன்பது பேருக்காகவும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நெஸ்டா ரோம் நகரத்துக்காரர். 1976 மார்ச் 19இல் பிறந்தார். ரோமில் இரண்டு பெரிய கிளப்புகள்: ரோமா, லாசியோ. ஒரு வீட்டில் ரெண்டு கட்சி இருந்தால் பெண் கொடுக்கல் வாங்கலே சந்தேகம்தான் என்கிற அளவுக்குப் பகை. பையன் சின்ன வயதில் ஆடுவதைப் பார்த்து ரோமா ஆட்கள்தான் முதலில் கேட்டு வந்தார்கள். அப்பா லாசியோ ரசிகர். முடியாது என்று அனுப்பிவிட்டார். ஒன்பது வயதில் பையன் லாசியோவின் சிறுவர் அணியில் சேர்ந்தான். ஒரு அப்பாவின் பிடிவாதத்தால் ரோமா இழந்தது என்ன என்று பிற்பாடுதான் அவர்களுக்கு உறைத்திருக்கும்.

பெரிய அணிக்கு 1994 மார்ச்சில் வந்தார், பதினேழு வயது. அடுத்த மாதமே ஒரு விபரீதம். பிராக்டீஸில் இவரும் பால் காஸ்காயினும் ஒரே பந்துக்குப் போனார்கள். காஸ்காயின் அப்போது லாசியோவின் நட்சத்திரம், இங்கிலாந்தே தலையில் வைத்துக் கொண்டாடிய ஆள். மோதலில் காஸ்காயினின் கால் எலும்பு முறிந்தது. அந்தப் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே முதலாளியின் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிய மாதிரி. வேறு யாராக இருந்தாலும் அப்புறம் காலை நீட்டவே யோசித்திருப்பார்கள். இவரோ, காலை நீட்டிப் பந்தை எடுப்பதைத்தான் தன் முத்திரையாக ஆக்கிக்கொண்டார்.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் காலேஜ் பி.டி. மாஸ்டர் ஸ்டாப்பர்களுக்குச் சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு: "டேய், நீ விழுந்தா செத்த. எந்திரிக்கறதுக்குள்ள அவன் கோல் அடிச்சுட்டு வீட்டுக்கே போயிடுவான்." உண்மைதான். சறுக்கி விழுந்து டேக்கிள் போடுவது கடைசி ஆயுதம். தவறினால் ஃபவுல், பெட்டிக்குள் தவறினால் பெனால்டி. அதனால் நல்ல டிஃபண்டர்கள் முடிந்தவரை நின்றே ஆடுவார்கள். பக்கவாட்டில் திரும்பி, முட்டி லேசாக மடங்கி, எதிராளியின் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்து, அவனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே பின்வாங்குவார்கள். மிலன் டிஃபண்டர் மால்டினி அந்த வித்தையில் மன்னன். மனுஷன் வியர்த்தே நான் பார்த்ததில்லை.

நெஸ்டாவும் நின்று ஆடத் தெரிந்தவர்தான். ஆனால் அவர் விழுந்தால், விழுவது ஒரு தனி அழகு. எதிராளி பந்தைத் தன் காலிலிருந்து அரை அடி தள்ளிவிடும் நொடி ஒன்று வரும். அடுத்த தொடுதலுக்கு முந்திய நொடி. அந்த அரை அடிக்குள் இவரது தூரத்துக் கால் ஒரு கொக்கி மாதிரி சுற்றி வரும். பந்தைத் தட்டிவிடாது, பிடித்துக்கொள்ளும். சறுக்கின வேகத்திலேயே ஊன்றிய முட்டியின் மேல் எழுந்துவிடுவார். எழும்போது பந்து அவர் காலடியில் இருக்கும், எதிராளி இரண்டு எட்டு தாண்டி வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருப்பான். விழுந்தது, எடுத்தது, எழுந்தது எல்லாம் ஒரே அசைவு. யூடியூபில் போட்டுப் பாருங்கள், அரை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கோல் போட்டவர்களின் தொகுப்புகளுக்கு நடுவில், டேக்கிள்களுக்காகவே ரசிகர்கள் தொகுப்பு போட்டிருக்கும் ஆட்கள் ரொம்பக் குறைச்சல்.

லாசியோவில் அவரை உருவாக்கியதில் பெரும்பங்கு ஸ்டெனெக் செமான் என்ற கோச்சுக்கு. அந்த மனுஷர் அட்டாக் பைத்தியம். டிஃபன்ஸ் லைனைக் கிட்டத்தட்ட நடு மைதானம் வரை ஏற்றி நிறுத்துவார். பின்னால் பரந்த வெளி. அதைக் காக்க ஆள் வேண்டும். பழைய இத்தாலியில் இந்த வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: ஒருத்தரை நிழலாகத் தொடர்பவர் ஒருவர், எல்லோருக்கும் பின்னால் நின்று மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கும் 'லிபரோ' இன்னொருவர். செமானிடம் அந்தப் பிரிவினை இல்லை. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். நெஸ்டா பார்த்தார்.

அடுத்து எரிக்சன் கோச்சாக வந்தார். நெஸ்டா கேப்டன் ஆனார், இருபத்தோரு இருபத்திரண்டு வயதில். 1998 இத்தாலியக் கோப்பை ஃபைனலில் மிலனுக்கு எதிராகத் தீர்மானமான மூன்றாவது கோலை அடித்தவர் இவர்தான். 1974க்குப் பிறகு லாசியோவுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை. சொந்த ஊர்ப் பையன், கேப்டன், அவனே கோல். சினிமாவில் வைத்தால் ஓவர் என்று சொல்வோம்.

அடுத்த வாரமே தரையில் இறக்கிவிட்டார்கள். 1998 மே 6, பாரிஸ், யூஃபா கோப்பை ஃபைனல். எதிரே இன்டர் மிலன், அதில் ரொனால்டோ. (பிரேசில் ரொனால்டோ. தம்பிமார்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அன்றைக்கு ரொனால்டோவுக்கு வயது இருபத்தொன்று, முட்டி இன்னும் உடையாத காலம். பந்தின் மேல் காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி, பந்தைத் தொடாமலேயே கோலியைப் படுக்க வைத்து, மூன்றாவது கோல். 3-0. அந்த மேட்சின் வீடியோவைப் பல தடவை போட்டுப் பார்த்து, தான் என்ன தப்பு செய்தேன் என்று தேடியதாக நெஸ்டா பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு: தப்பு என்மேல் இல்லை, அன்றைக்கு அந்த ஆளைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. தான் எதிர்கொண்டதிலேயே கஷ்டமான ஆள் ரொனால்டோதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். ஃபார்வர்டு ஆட்கள் தாங்கள் அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். டிஃபண்டர் தான் வாங்கிய கோலை அல்லவா திரும்பத் திரும்பப் பார்க்கிறான். மார்க் ஷீட்டில் தப்பான கேள்விகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் பையன் மாதிரி.

இனி உலகக் கோப்பைக் கதை. இந்த மனிதருக்கும் உலகக் கோப்பைக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ தெரியவில்லை.

முதலாவது 1998, பிரான்ஸ். ஆஸ்திரியாவோடு மேட்ச், நாலாவது நிமிடம். முட்டி ஜவ்வு கிழிந்தது. நாலே நிமிடம். பதிலுக்கு உள்ளே வந்தவர் கியூசெப்பே பெர்கோமி, வயது முப்பத்துநாலு. 1982இல் இத்தாலி கோப்பை வாங்கியபோது பதினெட்டு வயதுப் பையனாக ஆடியவர். எத்தனையோ வருஷமாக தேசிய அணிப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, கடைசியாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நெஸ்டாவுக்கு ஆபரேஷன், மாதக்கணக்கில் ஓய்வு. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை மாடிப்படி இறங்குவது என்றால் என்ன என்று. எனக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது படி இறங்க ஒரு வாரம் பிடித்தது. அதற்கப்புறம் நான் ஆடவில்லை. அவர் திரும்பி வந்து இன்னும் பதினைந்து வருஷம் ஆடினார்.

இரண்டாவது 2002, ஜப்பான். குரோஷியாவோடு இரண்டாவது லீக் மேட்ச். இருபத்துநாலாவது நிமிடத்தில் நெஸ்டா காயத்தோடு வெளியே. பதிலுக்கு வந்தவர் யார் என்கிறீர்கள்? மார்கோ மேட்டராஸி. ஆமாம், அதே ஆள். 2006இல் நடந்தது இரண்டாவது தடவை. இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. அந்த மேட்சில் இத்தாலி 2-1 என்று தோற்றது. கடைசி நேரத்தில் மேட்டராஸி தன் பாதி மைதானத்திலிருந்து தூக்கி அடித்த பந்து யாரும் தொடாமல் கோலுக்குள்ளேயே போய்விட்டது. ரெஃப்ரி ஒத்துக்கொள்ளவில்லை, இத்தாலிக்காரர் ஒருவர் எதிராளியின் சட்டையை இழுத்தார் என்று. நாக் அவுட்டில் தென் கொரியாவிடம் கோல்டன் கோலில் இத்தாலி வெளியேறியபோது நெஸ்டா மைதானத்தில் இல்லை. அந்தக் கொரியா மேட்ச் ரெஃப்ரியைப் பற்றி இத்தாலிக்காரர்களிடம் இன்றைக்கும் பேச்சை எடுத்துவிடாதீர்கள்.

இரண்டு உலகக் கோப்பைக்கும் நடுவில் 2000 ஐரோப்பியக் கோப்பை. ஆம்ஸ்டர்டாமில் செமி ஃபைனல், நெதர்லாந்தின் சொந்த மண். முப்பத்துநாலாவது நிமிடத்தில் ஸாம்ப்ரோட்டாவுக்கு சிவப்பு அட்டை. அதிலிருந்து கூடுதல் நேரம் முடியும் வரை பத்துப் பேர். நெதர்லாந்துக்கு ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு பெனால்டி, ஒன்றை இத்தாலிக் கோலி டோல்டோ தடுத்தார், இன்னொன்று போஸ்டில் அடித்தது. ஆரஞ்சு ஜெர்சிகள் அலையலையாக வர, நடுவில் நெஸ்டாவும் கன்னவாரோவும். கோல் இல்லை. ஷூட்அவுட்டில் இத்தாலி வென்றது. 'ஆட மாட்டானுங்க' கட்சிக்காரர்களிடம் நான் நீட்டும் மேட்ச் இது. பத்துப் பேராக எண்பது நிமிடத்துக்கு மேல் ஒரு வீட்டைப் பூட்டி வைப்பது ஆட்டம் இல்லை என்றால் வேறு எதுதான் ஆட்டம்? ஃபைனலில் பிரான்ஸ் கடைசி நிமிடத்தில் சமன் செய்து, கோல்டன் கோலில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அதை விடுங்கள், இன்னும் வலிக்கிறது.

அதே வருஷம் மே மாதம் லாசியோ இத்தாலியச் சாம்பியன் ஆன கதையைச் சொல்லாவிட்டால் லாசியோக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். கடைசி நாள். லாசியோ ரோமில் 3-0 என்று தன் வேலையை முடித்துவிட்டது. ஜுவென்டஸ் பெருஜாவில் தோற்றால்தான் நேரடியாகப் பட்டம். பெருஜாவில் பேய் மழை. ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். ரோம் மைதானத்தில் ஜனம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. பெருஜாவின் ஒரே கோலை அடித்தவர் கலோரி, ஒரு டிஃபண்டர். ஜுவென்டஸ் தோற்றது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் லாசியோ சாம்பியன், அதுவும் கிளப்பின் நூறாவது ஆண்டில். கேப்டன் நெஸ்டா.

அப்புறம் பணம் போயிற்று. லாசியோவின் முதலாளி செர்ஜியோ க்ரன்யோட்டி, சிரியோ என்ற உணவுக் கம்பெனியையும் வைத்திருந்தவர். டப்பாத் தக்காளிக்குப் பேர்போன கம்பெனி. தக்காளி விற்ற காசில் வெரோன், நெட்வெட், கிரெஸ்போ என்று உலகத்து நட்சத்திரங்களையெல்லாம் வாங்கிக் குவித்தார். கடன் ஏற ஏற ஒவ்வொருத்தராக விற்றார். 2002 ஆகஸ்ட் 31, டிரான்ஸ்பர் கதவு மூடும் கடைசி நாள், நெஸ்டாவை மிலனுக்கு விற்றார். சுமார் 3 கோடி யூரோ. போக விருப்பமில்லை என்று நெஸ்டா பல தடவை சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில் வந்து சேர்ந்த வீடு அது. அதே நவம்பரில் சிரியோ கடன் பத்திரங்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் கைவிரித்தது. ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களின் சேமிப்பு போயிற்று. வீட்டில் பொருளாதாரம் சரியில்லை என்றால் முதலில் அடகுக்குப் போவது அம்மாவின் தாலிக்கொடி இல்லை, வளையல். கடைசியாகத்தான் தாலிக்கொடி. நெஸ்டா லாசியோவுக்குத் தாலிக்கொடி.

மிலனில் பத்து வருஷம். அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு சாம்பியன்ஸ் லீக், இரண்டு இத்தாலியப் பட்டம், ஒரு பக்கம் கஃபு, பக்கத்தில் மால்டினி, அப்புறம் ஸ்டாம். 2005 இஸ்தான்புல் ஃபைனலில் லிவர்பூலுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்து, ஆறே நிமிடத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்ற ராத்திரியும் உண்டு. 2007இல் அதே லிவர்பூலை ஏதென்ஸில் வென்று அந்தக் கணக்கைத் தீர்த்ததும் உண்டு.

ஒரே ஒரு காட்சியில் மட்டும் நிற்கிறேன். 2003 மே 28, ஓல்ட் டிராஃபோர்டு, மிலனுக்கும் ஜுவென்டஸுக்கும் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். நம்ம ஊரில் நள்ளிரவு தாண்டிக் கால் மணி. நூற்றிருபது நிமிடம் கோலே இல்லை. என்னோடு மேட்ச் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். பெனால்டி ஷூட்அவுட். இரண்டு கோலிகளும், புஃபோனும் டிடாவும், வெறி பிடித்த மாதிரி தடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏழு உதையில் இரண்டுதான் கோல். ஆளுக்கு ஒன்று. எட்டாவது உதைக்கு மிலன் தரப்பில் நடந்து வந்தது நெஸ்டா. பெனால்டி அடிப்பது அவர் தொழில் இல்லை. வாழ்க்கை முழுக்கப் பந்தை எடுத்துப் பழகியவர், கொடுத்துப் பழகியவர் இல்லை. நடு வட்டத்திலிருந்து பெட்டி வரைக்கும் அந்த நடை இருக்கிறதே, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடித்தார், கோல். அடுத்து டெல் பியரோ சமன் செய்ய, ஷெவ்சென்கோ முடித்து வைத்தார். மறுநாள் பேப்பரில் ஷெவ்சென்கோ படம். நியாயம்தான், கடைசியாக அடித்தவர் அவர்தானே.

உடம்பு மட்டும் விடவில்லை. தோள் ஆபரேஷன், அப்புறம் முதுகு. 2008-09 சீசனில் முதுகுவலியால் கிட்டத்தட்ட ஆடவே இல்லை. முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். 2009 அக்டோபரில் கியேவோவுக்கு எதிராக மிலன் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு கோல் அடித்து ஜெயிக்க வைத்தார். ஒரு ஸ்டாப்பர்! நான் அன்றைக்கு ஆபீஸில் கத்திய கத்தலில் பக்கத்து சீட் அக்கா "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கதானே?" என்று கேட்டார்.

2012 ஏப்ரலில், முப்பத்தாறு வயதில், பார்சிலோனாவின் மைதானத்தில் ஒரு கார்னரின்போது புஸ்கெட்ஸின் சட்டையை இழுத்தார் என்று பெனால்டி கொடுத்தார்கள். மெஸ்ஸி அடித்தார். மிலன் வெளியேறியது. அந்த இழுப்பு ஃபவுலா என்று என்னைக் கேட்டால், ஆமாம், ஃபவுல்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரம் மிலன் நகரத்தில் அதே பார்சிலோனாவை 0-0 என்று நிறுத்திய ஆட்டத்தை ஒருத்தரும் பேசவில்லை. அந்த ஒரு சட்டையைத்தான் பேசினார்கள். டிஃபண்டரின் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் எப்போதும் காலி.

அந்த வருஷமே மிலனை விட்டு வட அமெரிக்காவுக்குப் போய் மாண்ட்ரியாலில் ஆடி, 2013இல் ஓய்வு பெற்றார்.

இனிமேல்தான் நம்ம ஊர் வருகிறது. 2014இல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தார்கள். சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக வந்தவர் மார்கோ மேட்டராஸி. கோச் மட்டும் இல்லை, நாற்பத்தொரு வயதில் அவரே இறங்கியும் ஆடினார். லீக் சுற்றில் சென்னைதான் முதலிடம். சீசனின் கடைசிக் கட்டத்தில் டிஃபன்ஸுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்த ஒரு பழைய நண்பரை அவர் கூப்பிட்டார்.

நெஸ்டா வந்தார். முப்பத்தெட்டு வயதில், சென்னைக்கு.

இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. யாரோ வாட்ஸப்பில் கிளப்பி விட்டது என்றே நினைத்தேன். 2002இலும் 2006இலும் நெஸ்டா வெளியே போனபோது உள்ளே வந்தவர் மேட்டராஸி. ஹாம்பர்க்கின் அந்தப் பதினேழு நிமிடம்தான் நெஸ்டா இத்தாலிக்காக ஆடிய கடைசி ஆட்டம். அது அவரது 78ஆவது மேட்ச். அந்தப் பதினேழாவது நிமிடத்தில் மாறிய இரண்டு பேரும் எட்டு வருஷம் கழித்து ஒரே நீல ஜெர்சியில், நம்ம பெரியமேடு நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அணியில். போதாததற்கு 2006இல் பிரான்ஸ் அணியில் இருந்த மிகேல் சில்வெஸ்ட்ரும் அதே சென்னை அணியில். பெர்லினில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்களுக்கு ரசமும் அப்பளமும் ஒரே பந்தியில்.

அவர் இங்கே ஆடிய மேட்சுகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஒரு மேட்சை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மேன்ஷன் காலத்து நண்பன் போன் பண்ணினான். பிரேசில் கட்சி.

"மாப்ள, உங்காளு ஓடவே மாட்டேங்கறான்டா."

"சரி?"

"ஆனா பந்து எங்க வருதோ அங்க முன்னாடியே நிக்கறான். எப்படிடா?"

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. இவ்வளவு நீளமாக எழுதியதுகூட அந்தக் கேள்விக்குத்தான் போல.

செமி ஃபைனலில் கேரளாவிடம் கொச்சியில் 3-0 என்று தோற்று, சென்னையில் 3-0 வரை இழுத்துவந்து, கூடுதல் நேரத்தின் கடைசியில் வாங்கிய ஒரு கோலால் சென்னை வெளியேறியது. அடுத்த வருஷம் வெள்ளத்தால் சொந்த ஊர் செமி ஃபைனலையே புணேவில் ஆட வேண்டி வந்தும், கோவாவில் ஃபைனலின் கடைசி நிமிடங்களில் சென்னைக்கு இரண்டு கோல் கிடைக்க, மேட்டராஸி கோப்பையைத் தூக்கினார். அப்போது நெஸ்டா இங்கே இல்லை. கோப்பை வரும்போது இல்லாமல் இருப்பது அவருக்குப் புதுசும் இல்லை.

2014 டிசம்பரில் நான் ஸ்டேடியத்துக்குப் போகவில்லை. மாச முடிவுக் கணக்கு, அடுத்த மேட்சுக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருவல்லிக்கேணியிலிருந்து பெரியமேட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிடம்தான். அந்த மாதத்தில் நேரு ஸ்டேடியத்திலோ பிராக்டீஸிலோ நெஸ்டாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போட்டோ இருந்தால் அனுப்புங்கள்.